பள்ளிக்கூட வரிக்கு எதிராக ஓடிய ஆட்டோ

1. வாசலில் அணைத்த மைக்

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சாவு வீடு, இந்த மூன்றும் எதிர்ப்பட்டால் மைக்கை அணைத்துவிட வேண்டும். சட்டம் என்ன சொல்கிறதென்று எனக்குத் தெரியாது. தொழிலுக்கு வந்த புதிதில் முதலாளி சொன்னார், இன்றுவரை செய்கிறேன். துணிக்கடை தசரா தள்ளுபடி, கட்சிக் கூட்டம், கண் சிகிச்சை முகாம், காணாமல் போன எருமை என்று மைசூரில் ஆட்டோவில் மைக் கட்டி நான் அறிவிக்காத விஷயம் குறைவு. எதைச் சொல்லிக்கொண்டு போனாலும் பள்ளிக்கூடத்து மதில் தொடங்கினால் கை தானாக சுவிட்சுக்குப் போகும். மதில் முடிந்ததும் மறுபடி போடுவேன்.

அன்றைக்கும் அப்படித்தான் அணைத்தேன். ஆனால் அன்றைக்கு நான் சொல்லிக்கொண்டு போனதே அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டப் போடவிருந்த வரிக்கு எதிரான அறிவிப்பு. உள்ளே சமையல் கொட்டகையில் என் மனைவி ராஜம்மா பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக்கொண்டிருந்தாள். அணைத்துவிட்டோம், உள்ளே யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டேன். என்ன புத்தியோ! ஆட்டோவின் தலையில் இரண்டு ஹாரன் கட்டியிருக்கிறது. முந்தின தெருவில் திரும்பும்போதே எல்லாம் கேட்டிருக்கும்.

ராஜம்மா கரண்டியோடு கேட் வரைக்கும் வந்து நின்றாள். நான் முன்னால் பார்த்தபடி வண்டியை விட்டேன்.

2. மூன்று வீட்டுத் தூரம்

என் பெயர் மாதேசன். ஊர் கௌதள்ளி. கட்டட வேலைக்கென்று மைசூருக்கு வந்து, முதுகு ஒத்துழைக்காமல், ஒரு மைக் செட் கடையில் ஒயர் சுருட்டும் வேலைக்குச் சேர்ந்தவன். தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும் என்பதால் மைக் கைக்கு வந்தது. பிறகு சொந்த ஆட்டோ. இப்போது வண்டியை மச்சானிடம் விட்டுவிட்டேன், எப்போதாவதுதான் ஏறுகிறேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஆம்ப்ளிஃபயர் எத்தனை வாட்ஸ், எந்தக் கம்பெனி ஹாரன் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதெல்லாம் கடையில் கிடைக்கும். வாசகம் கடையில் கிடைக்காது. வாசலில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு நம் ஆட்டோ தெளிவாகக் கேட்பது மூன்று வீட்டைத் தாண்டும் நேரம்தான். பக்கத்து வீட்டருகே வரும்போது காது கொடுப்பாள், தன் வீட்டைக் கடக்கும்போது கேட்பாள், அடுத்த வீடு தாண்டினால் சத்தம் இருக்கும், சொல் இருக்காது. விஷயம் அதற்குள் முடிந்துவிட வேண்டும். 'ஆகையால்', 'ஆனாலும்' என்று நீட்டினால் 'ஆகையால்' ஒரு வீட்டுக்குப் போகும், 'ஆனாலும்' வேறு வீட்டுக்குப் போகும்.

இன்னொரு பழக்கமும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ஒரு விவகாரத்தில் ஒரு பக்கத்துக்கு மைக் பிடித்தால், அது முடியும்வரை மறுபக்கத்துக்குப் பிடிக்கக் கூடாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று சொல்லிப் பிழைத்தவர்களும் உண்டு. அவர்கள் குரலை ஜனங்கள் பிறகு எருமை தேடுவதற்குக்கூட நம்பவில்லை.

3. லேஅவுட்டும் காலனியும்

ரிங் ரோட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் ஏரியா. கிராமப் பஞ்சாயத்தாக இருந்து டவுன் பஞ்சாயத்தானது. ஒரு பக்கம் லேஅவுட்: அளந்து போட்ட ரோடு, பார்க், ரிட்டயர் ஆனவர்களின் மாடி வீடுகள். மறுபக்கம் எங்கள் காலனி: விவசாய நிலத்தைத் துண்டு போட்டு விற்றதை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே சுவர் வைத்துக் கட்டிக்கொண்ட வீடுகள். பாதிப் பேர் கொத்தனார்கள், மீதிப் பேர் கம்பி கட்டுகிறவர்கள், ஆலையில் காண்டிராக்ட் வேலைக்குப் போகிறவர்கள். என்னைப் போல ஹனூர், கொள்ளேகால் பக்கத்துத் தமிழர்கள்தான் அதிகம். நடுவில் அரசுப் பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதி அறைகளின் கூரை போய்விட்டது. எஞ்சினியர் வந்து பார்த்து, உள்ளே பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது என்று பூட்டச் சொல்லிவிட்டுப் போனார். புது அறைகளுக்குக் கல்வி இலாகா ஒரு பங்குதான் தரும் என்றது. மீதிக்கு டவுன் பஞ்சாயத்து கடன் வாங்கிக் கட்டுவது, கடனை அடைக்கச் சில வருஷங்களுக்கு வீட்டு வரியோடு பள்ளிக்கூட செஸ் என்று ஒரு கூடுதல் வரி போடுவது என்று திட்டம் வந்தது. ஆட்சேபணை இருக்கிறவர்கள் சமுதாய பவனுக்கு வந்து சொல்லலாம் என்று நோட்டீசும் ஒட்டினார்கள்.

லேஅவுட்காரர்கள் எதிர்த்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். லைப்ரரிக்கு என்று செஸ் வாங்குகிறார்கள், எங்கே லைப்ரரி என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. எங்கள் ஏரியாவில் லைப்ரரி இருந்ததாக எனக்கும் நினைவில்லை.

எங்கள் காலனியின் எதிர்ப்பு வேறு மாதிரி. இங்கே வீடு யார் பேரில் என்று பஞ்சாயத்து வைத்திருக்கும் பதிவுக்குக் கத்தா என்று பெயர். முறையான லேஅவுட்டில் இருந்தால் ஏ கத்தா. எங்களைப் போல அனுமதி இல்லாத மனையில் கட்டியிருந்தால் பி கத்தா. பி கத்தாவுக்கு வீட்டு வரி, இங்கே சொல்கிறபடி கந்தாயம், இரட்டிப்பு. புது செஸ் வரியின் மேல் போடுவது, ஆகவே அதுவும் எங்களுக்கு இரட்டிப்பு. அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கிற குடும்பம் எல்லாம் காலனியில்தான். மாடி வீட்டுக்காரன் ஒரு மடங்கு கொடுப்பான், ஷீட் போட்ட வீட்டுக்காரன் இரண்டு மடங்கு கொடுப்பான். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

4. வேணுகோபால் சாரின் புக்கிங்

லேஅவுட் சங்கத் தலைவர் வேணுகோபால் சார், பேங்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், தமிழர். என்னிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுவார். புக்கிங்குக்கு அவரே வீட்டுக்கு வந்தார், ராஜம்மா போட்ட டீயைக் குடித்தார். கையில் அவரே தயாரித்த வாசகம் இருந்தது. படித்துப் பார்த்தேன். முதல் வாக்கியம் முடிய ஒரு தெருவே போதாது.

நானே வேறு போட்டுக் கொடுத்தேன். லேஅவுட்டுக்குக் கன்னடத்தில் ஒன்று, காலனிக்குத் தமிழில் ஒன்று. தமிழில் இப்படி: "பி கத்தா வீட்டுக்காரங்களே! கந்தாயம் நமக்கு ரெட்டை. பள்ளிக்கூட செஸ்ஸும் நமக்கு ரெட்டை. சனிக்கிழமை சமுதாய பவனுக்கு வாங்க, வேண்டாம்னு சொல்லுங்க." சரியாக மூன்று வீடு. என் தொழிலில் நான் போட்ட நல்ல வாசகங்களில் அது ஒன்று. அதில் பொய்யே கிடையாது.

ஆனால் காலனியில் நாலு பேரிடம் பேசிப் பார்த்தபோது அவர்கள் சொன்னது அந்த வாசகத்தோடு முடியவில்லை. பள்ளிக்கூடம் வேண்டாம் என்று யாருமே சொல்லவில்லை. எங்களுக்கும் மற்றவர்களைப் போல ஒற்றை வரிக்கே செஸ் போடட்டும், கட்டிவிடுகிறோம் என்றார்கள். இதை வேணுகோபால் சாரிடம் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "மாதேஷ், நீங்க சொல்றது ரொம்ப கரெக்ட். ஆனா அங்க போய்ப் பாதி வேணும், பாதி வேண்டாம்னு சொன்னா எடுபடாது. ஆட்சேபணைன்னா ஆட்சேபணைதான். முதல்ல இதை நிறுத்துவோம். அப்புறம் லேஅவுட், காலனி எல்லாரும் சேர்ந்தே போய் உங்களுக்கு ஒத்தை வரி, ஸ்கூலுக்கு ரூம், ரெண்டையும் கேப்போம். நானே முன்னால நிக்கறேன். அதுக்கும் நீங்கதான் அனௌன்ஸ் பண்ணணும்."

மனுஷன் மனசறிந்து பொய் சொன்னார் என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. சொன்ன நேரத்தில் அவருக்கும் அது உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

5. ராஜம்மாவின் புக்கிங்

கேட் அருகே கரண்டியோடு நின்ற அன்று, ராஜம்மா வீட்டுக்கு வந்து சாப்பாடு போட்டாள். நான் கையைக் கழுவியதும் ஆரம்பித்தாள்.

"ரூம் கட்டலீன்னா பள்ளிக்கூடத்தை ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறதோட சேத்திருவாங்களாம். மேடம் சொன்னாங்க" என்றாள். மேடம் என்றால் தலைமையாசிரியை சுமித்ரா மேடம். பல வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தைத் தனி ஆளாக இழுத்துக்கொண்டிருந்தவர்.

மிரட்டுவதற்கு அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். ரிங் ரோட்டில் லாரி எந்த வேகத்தில் போகும் என்று எல்லோருக்கும் தெரியும், சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்ப எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவான் என்றும் கேட்டேன்.

"மழை பேஞ்சா மூணாங் கிளாஸ் புள்ளைங்க என்ற அடுப்புக்கிட்டத்தான் வந்து உக்காருதுங்க. பொகையில கண்ணு எரியுதுன்னு அழுதுட்டே எழுதுதுங்க. இதையும் மைக்குல சொல்லுங்க."

"அதுக்கு யாரும் புக் பண்ணலயே" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

"நான் பண்றன். எவ்வளவுங்க?"

அவள் சிரிக்கவில்லை. ஒரு விவகாரத்தில் ஒரு பக்கம்தான் என்ற தொழில் பழக்கத்தைச் சொன்னேன். இது முடியட்டும், அடுத்த அறிவிப்பு அதுதான், வேணுகோபால் சாரே சொல்லியிருக்கிறார் என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குச் செஸ் கட்டுவதிலும் சந்தோஷம் இல்லை. இரட்டை வரி கட்ட அவள் சம்பளமும்தான் போகிறது. ஆனால் கூரை இல்லாத அறையைத் தினமும் பார்க்கிறவள் அவள். நான் பார்ப்பது மதிலை மட்டும்.

6. சமுதாய பவனில்

சனிக்கிழமை சமுதாய பவன் நிறைந்துவிட்டது. லேஅவுட்டிலிருந்து வந்தவர்கள் முதல் இரண்டு வரிசையோடு சரி. மற்றதெல்லாம் காலனி ஜனம். வேலைக்கு லீவு போட்டு, நல்ல சட்டை போட்டு வந்திருந்தார்கள். என் வாசகம்தான் அவர்களைக் கூட்டி வந்தது. மைக் செட்டும் நம்முடையதுதான் என்பதால் ஓரத்தில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றேன். கூட்டத்தைப் பார்த்து முதலில் பெருமையாகக்கூட இருந்தது.

டவுன் பஞ்சாயத்தின் சீஃப் ஆபீசர் திட்டத்தைப் படித்தார். வேணுகோபால் சார் எழுந்து நல்ல கன்னடத்தில் பேசினார், லைப்ரரி செஸ்ஸைக் கேட்டார், கைதட்டல் விழுந்தது. அப்புறம் காலனி கொத்தனார் ஒருவர் எழுந்து, "நமக்கு மட்டும் ஏன் ரெட்டை?" என்று கேட்டார். அதற்குக் கைதட்டல் இன்னும் பலமாக விழுந்தது. அந்தக் கத்தா விஷயம் வேறு இலாகா, இங்கே பேச முடியாது என்றார் ஆபீசர். அது கூட்டத்தை இன்னும் சூடாக்கியது.

கடைசி வரிசையில் இருந்து சுமித்ரா மேடம் எழுந்தார். நான் ஒயர்லெஸ் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பேச ஆரம்பிப்பதற்குள் முன்வரிசையில் யாரோ, மேடம் இங்கே வரி கட்டுகிறவரா என்று கேட்டார்கள். ஆபீசரும் அதையே திருப்பிக் கேட்டார். அவர் வீடு மைசூர் நகருக்குள், தேவராஜ மொஹல்லாவில். அங்கிருந்து பஸ் ஏறித்தான் தினமும் வருவார். இல்லை என்றார். அப்படியானால் பதிவு செய்ய முடியாது, வரி கட்டுகிறவர்களின் கருத்தை மட்டும்தான் எடுக்கச் சொல்லி உத்தரவு என்றார் ஆபீசர்.

மேடம் பக்கத்தில் ராஜம்மா இருந்தாள். அவள் மைக்கை வாங்கினாள். "எங்க வீடு இங்கதானுங்க, காலனியில" என்றாள்.

கத்தா யார் பேரில் என்று கேட்டார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைப் பார்த்தது. கத்தா என் பேரில் இருந்தது. "அவங்க பேருல" என்று சொல்லி மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்த மைக்கை வைத்துக்கொண்டு நான் என்ன பேச முடியும்? நான் வேணுகோபால் சாரின் புக்கிங்கில் இருந்தேன். மேடைக்குக் கொண்டுபோய் வைத்தேன்.

ஆட்சேபணை இருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்கள். எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளை படிக்காத வீட்டுக்காரர்களின் கை கொஞ்சம்தான். மேலே போனதெல்லாம் பிள்ளை படிக்கிற வீட்டுக்காரர்களின் கை. செஸ் திட்டம் கைவிடப்பட்டது.

வெளியே வந்ததும் வேணுகோபால் சார் என் தோளைத் தட்டினார். "உங்க வாய்ஸ்தான் மாதேஷ், எல்லாம் உங்க வாய்ஸ்" என்றார்.

7. இரண்டாவது அறிவிப்பு

'அப்புறம்' என்று சொன்னாரே, அந்த அப்புறத்துக்காகக் காத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனேன். மகள் பிரசவம், அமெரிக்கா போகவேண்டும் என்றார். சங்கச் செயலாளரைப் பார்க்கச் சொன்னார். செயலாளர், லேஅவுட் ரோட்டுத் தார் விஷயம் முடியட்டும் என்றார். தார் போட்டு முடிந்தது. அடுத்து பார்க் வேலி விஷயம் வந்தது. யாரும் முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கடைசியில் யாரும் புக் செய்யாமலே வண்டியை எடுத்தேன். அந்த விவகாரம் முடிந்துவிட்டதால் மறுபக்கம் பேசத் தடையில்லை. "மூணாங் கிளாஸ் பிள்ளைங்க அடுப்புப் புகையில உக்காந்து எழுதுது. பள்ளிக்கூடம் வேணும், செஸ் எல்லாருக்கும் ஒத்தையா வேணும். திங்கக்கிழமை டவுன் பஞ்சாயத்துக்கு வாங்க." ராஜம்மாவின் வாசகத்தில் நான் சேர்த்தது கொஞ்சம்தான். இரண்டு பக்கத்துத் தெருவிலும் கன்னடத்திலும் தமிழிலும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலனிப் பெண்கள் வந்தார்கள். ஆண்கள் முந்தின தடவையே லீவு போட்டுவிட்டார்கள், இன்னொரு லீவு கிடைக்காது. லேஅவுட்டிலிருந்து ஒரு ஆளும் இல்லை. சீஃப் ஆபீசர் மாறிப் போய்ப் புது ஆள் இருந்தார். பள்ளிக்கூட செஸ் கோப்பை வரவழைத்துப் பார்த்தார். பொதுமக்களே எதிர்த்ததால் இலாகா தன் பங்கையும் வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டது, இனி இதில் ஒன்றும் இல்லை என்றார். "பொதுமக்கள் நாங்கதானே சார்" என்றாள் ராஜம்மா. அவர் கோப்பைத் திருப்பி அவளுக்குக் காட்டினார். நீங்கள்தான் அம்மா, நீங்கள்தான் எதிர்த்தீர்கள் என்றார்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தை ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததோடு சேர்த்தார்கள். எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவான் என்று நான் கேட்டேன் அல்லவா, போட்டார். அங்கே சமையலுக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. ராஜம்மா இப்போது ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமைக்கிறாள். சுமித்ரா மேடத்துக்கு மாற்றல் வந்தது. போகிற அன்று வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

ரோட்டைத் தாண்டி அனுப்பப் பயந்து காலனிக்காரர்கள் பிள்ளைகளைப் பக்கத்துத் தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அந்த ஃபீஸுக்கு முன்னால் இரட்டைச் செஸ் ஒன்றுமே இல்லை. முடியாதவர்கள் பெண் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். எங்கள் வரி இன்னும் இரட்டைதான்.

8. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. யாராவது வந்து 'முதலில் நிறுத்துவோம், அப்புறம் கேட்போம்' என்று புக் செய்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த 'அப்புற'த்தையும் அதே நேரத்தில் தேதி போட்டு புக் செய்யச் சொல்லுங்கள். முதல் அறிவிப்புக்கு எல்லோரிடமும் ஆள் இருக்கும், பணம் இருக்கும், கோபம் இருக்கும். இரண்டாவது அறிவிப்புக்கு யாருமே இருக்கமாட்டார்கள்.

போன மே மாதம் மச்சானுக்குக் காய்ச்சல் என்று நானே வண்டியில் ஏறினேன். அந்தத் தனியார் பள்ளிக்கூடத்தின் அட்மிஷன் அறிவிப்பு. ராஜம்மாவை ஹாஸ்டலில் விடவேண்டியிருந்ததால் அவளும் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பழைய பள்ளிக்கூடத்துத் தெருவில் திரும்பினேன். கேட்டில் பூட்டு. உள்ளே டவுன் பஞ்சாயத்தின் குப்பை வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். மதில் தொடங்கியதும் என் கை சுவிட்சுக்குப் போனது, அணைத்தேன்.

"இப்ப எதுக்கு நிறுத்தறீங்க? உள்ள யாருமில்லையே, சொல்லிட்டே போங்க" என்றாள் ராஜம்மா.

சொல்லவில்லை. மதில் முடியும்வரை சும்மாவே ஓட்டினேன்.